நகர்மன்றம் என்னும் சேவை: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

பணத்தை முதலில் பெற்றுக்கொண்டு, அதற்கு என்ன கிடைக்கும் என்பதைப் பின்னர் முடிவு செய்யும் சேவைகள் அதிகம் இல்லை. நகர்மன்றம் அவற்றுள் ஒன்று. பிடிக்கவில்லை என்று வேறொரு மன்றத்துக்கு மாறிக்கொள்ள வழியில்லை. மாற வேண்டுமானால் வீட்டையே காலி செய்ய வேண்டும். போட்டியாளர் இல்லாத சேவை என்பதாலோ என்னவோ, ஒரு கைப்பேசியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் நாம், குடிநீர், கழிவுநீர், சாலை, விளக்கு, பூங்கா, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் தரும் இந்த அமைப்பைப் பற்றி ஒழுங்காக ஒரு மதிப்புரைகூட எழுதுவதில்லை. கடந்த ஓராண்டில் நான் வரி செலுத்தும் மன்றத்தின் கூட்டங்களுக்குப் பார்வையாளராகச் சென்றேன். மூன்று புகார்கள் கொடுத்தேன். வரவு செலவுத் திட்டத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். அது எந்த மன்றம் என்பது இங்கே தேவையில்லை. மற்ற நகரங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதன் குணங்களும் குறைகளும் அதற்கு மட்டுமே உரியவையாகத் தெரியவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சேவையின் சிறந்த பகுதியைக் கண்ணால் பார்க்க முடியாது. குழாயைத் திறந்தால் வரும் நீரைக் குடித்துவிட்டு ஒருவர் நோயின்றி இருந்தால், அந்த நோயின்மைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அது இல்லாமல் போகும்போதுதான் மன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிகிறது. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று, ஜெர்மனியில் 1892-ஆம் ஆண்டின் ஹாம்பர்க். எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கும் அல்டோனாவும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த நகரங்கள். எல்லை சில தெருக்களின் நடுவே ஓடியது. இரண்டும் ஒரே ஆற்றின் நீரையே குடித்தன. சொல்லப்போனால் அல்டோனாவின் நிலை மோசம், ஏனெனில் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே வரும் நீரைத்தான் அது எடுத்தது. ஆனால் அல்டோனா அந்த நீரை மணல் படுகைகளில் வடிகட்டி வழங்கியது. ஹாம்பர்க்கோ செலவைக் காரணம் காட்டியும் வாதம் செய்தும் ஆண்டுகளைக் கடத்தியிருந்தது. வடிகட்டும் நிலையம் முடிவடைவதற்குள் காலரா வந்துவிட்டது. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தனர். எல்லைத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளில் நோய் பரவ, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தப்பியது. ஆய்வுக்கு வந்த ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்குக்கு, நோய் நீரின் வழியாகவே பரவுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைச்சாலை தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கின் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அந்த ஹாம்பர்க் மன்றத்தில் சொத்துடையோரின் குரலே ஓங்கியிருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிகட்டிக்கான செலவு வரியாக அவர்கள் மீது விழும். நோயோ பெரும்பாலும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளைத் தாக்கும். ஆகவே ஒரு மன்றத்தை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இது: தீர்மானத்தால் பாதிக்கப்படப்போகிறவருக்கு, அது தீர்மானமாவதற்கு முன்பே செய்தி எட்டுகிறதா? இந்த மதிப்புரையில் நான் கொடுக்கும் மதிப்பெண்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையைப் பொறுத்தவை.

இனி என் புகார்களுக்கு வருகிறேன். முதல் புகார் தெருவிளக்கு எரியவில்லை என்பது. இரண்டாம் நாளே ஏணியோடு ஆள் வந்து சரிசெய்து சென்றார். இரண்டாவது, தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடந்தது. நான்காம் நாள் ‘தீர்வு காணப்பட்டது’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஓடிச்சென்று பார்த்தேன், யாரோ ஒரு பலகையை வைத்து, அதன் மேல் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டிருந்தார்கள். மூன்றாவது, நடைபாதையை ஆக்கிரமித்து எழும்பிய ஒரு கட்டடத்தின் படிக்கட்டு பற்றியது. அதற்குப் பதிலே இல்லை. பதிவு எண் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஒரே அலுவலகம், ஒரே செயலி, ஒரே மனுதாரர். இருந்தும் மூன்று விதமான அனுபவம் ஏன் என்று விசாரித்தபோதுதான் இந்தச் சேவையின் உள் அமைப்பு புரிந்தது. தெருவிளக்குக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது, ஆள் காத்திருக்கிறார், புகார் ஒரு கட்டளைபோலச் செயல்படுகிறது. வடிகால் மூடிக்கு அப்படி இல்லை. பொறியாளர் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அது உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட நிலைக்குழுவுக்குச் செல்ல வேண்டும், மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், பணி ஆணை வழங்க வேண்டும். படிக்கட்டுக்கோ பணமே தேவையில்லை; ஒருவரைப் பகைத்துக்கொள்ளும் துணிவுதான் தேவை, அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒதுக்கீடு கிடையாது. ஆக, நாம் புகார் கொடுக்கும் நாளில் அதன் விதி பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கிறது. சென்ற ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எதற்குப் பணம் வைத்தார்களோ அது விரைவாக நடக்கும். மற்றவற்றுக்குக் குறுஞ்செய்தி வரும்.

புகார்ச் செயலிகளைப் பொறுத்தவரை என் கருத்து இதனால் சற்றே குளிர்ந்துவிட்டது. தெருப் பழுதுகளை வரைபடத்தில் குறித்து உரிய மன்றத்துக்கு அனுப்பும் ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ என்ற இணையச் சேவையை பிரிட்டனில் ஒரு தொண்டு அமைப்பு 2007-இல் தொடங்கியது. அதன் சிறப்பு, ஒருவர் கொடுத்த புகாரை மற்ற அனைவரும் பார்க்கலாம் என்பதே. நான் பயன்படுத்திய செயலியில் என் புகார் எனக்கு மட்டுமே தெரியும். அதே மூடியைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் தனியாகப் புகார் கொடுத்திருந்தது, பல வாரங்களுக்குப் பிறகு வாசலில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. அவருக்கும் ‘தீர்வு காணப்பட்டது’ என்றே வந்திருந்தது.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கும் இந்தச் சேவையில் நேரான விடை கிடைப்பதில்லை. ஒரு நகரில் மேயரே நிர்வாகத் தலைவராக இருப்பார். மற்றொன்றில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மட்டும், கோப்புகளில் கையெழுத்திடுபவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு வெள்ளம் பெரும் விளம்பரம் தேடித் தந்தது. 1913 மார்ச்சில் ஒகாயோ மாநிலத்தின் டேய்டன் நகரை வெள்ளம் சூறையாடியது. மறு ஆண்டே அந்நகரம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கொள்கையை வகுக்க, தொழில்முறை மேலாளர் ஒருவர் அதை நடைமுறைப்படுத்தும் முறைக்கு மாறியது. பெரிய நகரங்களில் அதுவே முதல். திறமை என்ற கோணத்தில் இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பயனாளியின் இருக்கையிலிருந்து பார்த்தால், உறுப்பினர் ‘அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்’ என்கிறார், அதிகாரி ‘மன்றம் தீர்மானிக்க வேண்டும்’ என்கிறார். இரு கதவுகளும் ஒன்றையொன்று கைகாட்டி நிற்கின்றன.

அதைவிடக் கவலைக்குரியது, மன்றம் இருந்தும் அதற்கு அதிகாரம் இல்லாத நிலை. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, மாநில அரசு அவசரகால மேலாளர்களை நியமித்தது. அந்த நிர்வாகத்தின் கீழ் 2014 ஏப்ரலில் நகரின் நீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து நீரில் கலந்தது. நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் ஏந்தியபடி மக்கள் கூட்டங்களுக்கு வந்தனர். 2015 மார்ச்சில் நகர்மன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய ஆதாரத்துக்கே திரும்ப வேண்டும் என வாக்களித்தது. அவசரகால மேலாளர் அதை ஏற்கவில்லை. ஆற்றுநீர் நிறுத்தப்பட்டது அக்டோபரில்தான். மன்ற உறுப்பினர்களைக் குறைகூறுவது எளிது, நானும் கூறப்போகிறேன். ஆனால் அவர்கள் கையில் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூறுவதே முறை.

மன்றக் கூடத்துக்குள் முதல் முறை நுழைந்தபோது எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம்தான். பார்வையாளர் மாடத்தில் நான், ஒரு செய்தியாளர், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் என மூவர் இருந்தோம். குடிநீர்க் குழாய் மாற்றம் முதல் குப்பை வண்டி வாடகை வரை இருந்த பொருள்களின் எண்கள் மட்டும் வாசிக்கப்பட்டன. ‘படிக்கப்பட்டதாகக் கருதி ஏற்கப்படுகிறது’ என்ற சொற்றொடர் மழைத்துளிபோலச் சீராக விழுந்துகொண்டிருந்தது. ஒரு பூங்காவுக்கு யார் பெயரைச் சூட்டுவது என்பதில் மட்டும் குரல்கள் உயர்ந்தன. அதற்கு ஒதுக்கிய நேரம், அதற்கு முன் நிறைவேறிய அத்தனை பொருள்களுக்கும் ஒதுக்கிய நேரத்தைவிட அதிகம். எனக்குப் புரிந்துகொள்ளச் சில கூட்டங்கள் பிடித்தன: விவாதம் நிலைக்குழுக்களில் முடிந்துவிடுகிறது, கூடத்தில் நடப்பது முத்திரை இடுவது. குழுக் கூட்டங்களுக்குப் பார்வையாளருக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். கேள்வியே விசித்திரமாகப் பார்க்கப்பட்டது.

இது புதிய தந்திரம் அன்று. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் சில, செய்தியாளர்களை வெளியேற்ற விரும்பும்போது முழு மன்றத்தையும் ஒரு ‘குழு’ என்று அறிவித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டன. மன்றக் கூட்டத்துக்குத்தான் செய்தியாளர் வரலாம், குழுவுக்கு வர முடியாது என்பது அவர்கள் கணக்கு. இந்த வழியை அடைக்கும் சட்டம் 1960-இல் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாக நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர், அப்போது புதிய உறுப்பினராக இருந்த, பிற்காலத்தில் பிரதமரான மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப்பேச்சே அதைப் பற்றியதுதான். அவருடைய பிற்காலக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு குறைவு. ஆயினும் மாடத்தில் உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்கிறேன்.

கதவைத் திறந்து வைப்பது பாதி வேலை. உள்ளே என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்வது மீதி. உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் கலிபோர்னியாவின் ‘பிரவுன் சட்டம்’ 1953-இல் இயற்றப்பட்டது. அதன் இன்றைய விதிப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் இல்லாத பொருளின் மீது, சில விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. நான் பார்த்த மன்றத்தில் நிகழ்ச்சி நிரல் இணையத்தில் ஏற்றப்படுகிறது, சில வேளைகளில் கூட்டத்துக்கு முந்தைய இரவு. ‘அவசரப் பொருள்’ என்ற தலைப்பில் கூடத்திலேயே விநியோகிக்கப்படும் துணைத்தாள்களும் உண்டு. பெரிய தொகைகள் துணைத்தாளில் வருவதற்கு ஒரு விருப்பம் காட்டுகின்றன என்பது என் கவனிப்பு. புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நல்ல விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதே கலிபோர்னியாவிலேயே சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகில் ஏறத்தாழ 35,000 மக்கள் வாழும் பெல் என்ற சிறு நகரத்தில், 2005-இல் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடத்தி நகரத்தின் சட்டத் தகுதியை மாற்றினார்கள். வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. அந்த மாற்றத்தால் மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலம் விதித்திருந்த உச்சவரம்பிலிருந்து நகரம் விடுபட்டது. 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் கணக்கைத் தோண்டியபோது, நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலரும், பகுதிநேர உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரும் பெற்றுவந்தது வெளிப்பட்டது. மேலாளர் பின்னர் சிறை சென்றார். வாக்கெடுப்பு பகிரங்கமாகத்தான் நடந்தது. அதன் பொருள் என்ன என்று பார்க்கத்தான் ஆளில்லை. மாடத்தில் மூவர் மட்டும் இருந்த அந்த நாளை நினைத்தால், இந்த மதிப்புரையின் குறைகளில் ஒரு பங்கு பயனாளிகளாகிய எங்கள் மீதும் விழுகிறது.

வரவு செலவுத் திட்ட நூல் இந்தச் சேவையின் மிக மோசமான பயனர் கையேடு. எழுத்து சிறியது, தலைப்புகள் கணக்காளருக்காக எழுதப்பட்டவை, வார்டு வாரியாக எதுவும் இல்லை. என் தெருவுக்கு என்ன கிடைக்கிறது என்று தேடினால், ‘இதர பணிகள்’ என்ற தலைப்பில் ஒரு பெருந்தொகை மௌனமாக அமர்ந்திருக்கிறது. இந்த நூலை மக்களே எழுதினால் எப்படி இருக்கும் என்று முயன்று பார்த்த நகரம் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-இல் புதிதாக ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சியின் நிர்வாகம், முதலீட்டுச் செலவில் முன்னுரிமை எதற்கு என்பதைப் பகுதிவாரியான மக்கள் கூட்டங்களில் முடிவு செய்யும் முறையைத் தொடங்கியது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்; பகுதியின் மக்கள்தொகை, வசதிக்குறைவின் அளவு, மக்கள் கேட்ட வரிசை ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்து பணம் பகிரப்பட்டது. கழிவுநீர்க் குழாயும் தார்ச்சாலையும் ஏழைப் பகுதிகளை நோக்கி நகர்ந்தன. இந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது; பாரிஸ் 2014-இல் தன் வடிவத்தைத் தொடங்கியது. பிறந்த ஊரிலோ ஆட்சிகள் மாற மாற வலுவிழந்துபோனது. எனக்கு அதில் பிடித்த அம்சம் வாக்களிப்பைவிட அந்த மதிப்பெண் விதிதான்: உங்கள் தெருவுக்கு ஏன் இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்று கேட்டால், கூட்டிக் கழித்துக் காட்ட ஒரு கணக்கு இருந்தது.

கணக்கு தவறினால் பழம்பெருமை காப்பாற்றாது. 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின் காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம், எரிவாயு நிறுவனங்களையும் குடிநீர் நிறுவனத்தையும் நகரத்தின் உடைமையாக்கி, நகராட்சி என்றால் என்ன செய்ய முடியும் என்று உலகுக்கே காட்டியது. அதே நகரின் மன்றம் 2023 செப்டம்பரில், சட்டப்படி கட்டாயமானவை தவிர மற்ற புதிய செலவுகளை நிறுத்துவதாக முறைப்படி அறிவிக்க நேர்ந்தது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் சேர்ந்த கடப்பாடும், கைமீறிப்போன ஒரு கணினித் திட்டமும் காரணங்களில் முக்கியமானவை.

வார்டு உறுப்பினரைப் பற்றிச் சொல்லாமல் மதிப்புரை நிறைவு பெறாது. செயலி, அலுவலகம், கூடம் ஆகிய மூன்றையும்விட எனக்குப் பயன்பட்டவர் அவரே. காலையில் அவர் வீட்டு வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, குழாயில் நீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரருடன் சுவர்த் தகராறு. கடைசியாகச் சொன்னது மன்றத்தின் வேலையே இல்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறார். அவரைத் தெரிந்தவருக்கு இந்தச் சேவை ஓரளவு வேலை செய்கிறது. தெரியாதவருக்குப் பதிவு எண். இது பாராட்டா குற்றச்சாட்டா என்று எனக்கே தெளிவில்லை, இரண்டுமாகவே இருக்கக்கூடும்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்பவர்களுக்காக: அன்றாடப் பராமரிப்புக்கு நான்கு, முன்கூட்டித் தெரிவிப்பதற்கு ஒன்றரை, நடைபாதைப் படிக்கட்டு விஷயத்துக்கு எதுவும் இல்லை. கூட்டத்துக்கு ஒருமுறையாவது செல்ல நினைப்பவர்கள், அதற்கு முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துவிட்டுச் செல்வது நல்லது; இல்லையென்றால் எண்கள் மட்டுமே காதில் விழும்.

வடிகால் மூடியின் கதையில் சிறு முன்னேற்றம் உண்டு. சென்ற மாத நிகழ்ச்சி நிரல், அதிசயமாக, மூன்று நாள் முன்பே வந்தது. எங்கள் பகுதி வடிகால் சீரமைப்புக்கான மதிப்பீடு பொருள் எண் 19-ஆக இருந்தது; ஆனால் அதில் தெருவின் கிழக்குப் பகுதி மட்டும் குறிக்கப்பட்டிருந்தது, மூடி உடைந்த முனையோ மேற்கில் இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு உறுப்பினரின் வாசல் வரிசையில் நின்றேன். அவர் பொறியாளரை அழைத்துப் பேசினார். கூட்டத்தில் எழுந்து திருத்தம் சொன்னார். ‘திருத்தத்துடன் ஏற்கப்படுகிறது’ என்று முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பணி ஆணை இன்னும் வரவில்லை. பலகை அப்படியே இருக்கிறது. சிவப்புத் துணி வெளுத்துப்போனதால், சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் புதுத்துணி ஒன்றைக் கட்டிவிட்டார்.